ஜீயஸுக்கு முன்னால் இருந்தவர்கள்

கேள்வி இது: கிரேக்கப் புராணங்களில் தேவர்களின் அரசன் ஜீயஸுக்கும் முந்தைய ஆதி தெய்வங்கள் யார் யார்? ஒரு பட்டியலில் கேயாஸ் முதலில் வருகிறது, இன்னொன்றில் காலதேவன், வேறொன்றில் கடல். எதை நம்புவது?

பழைய கிரேக்கர்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட மறைநூல் என்று எதுவும் இருந்ததில்லை. இதுதான் சரியான கதை என்று முடிவுகட்டும் குருமார் சபையும் இல்லை. நம் தலபுராணங்கள் ஊருக்கு ஊர் மாறுவதுபோல, அங்கேயும் ஊருக்கு ஒரு மரபு, கவிஞருக்கு ஒரு வம்சாவளி. இன்று 'ஆதி தெய்வங்கள்' என்று பத்துப் பதினைந்து பெயர்களோடு சுற்றும் பட்டியல்கள் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு ஆட்கள் சொன்னதைப் பிற்காலத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்தவை. அதனால், "இதைச் சொன்னது யார்?" என்று ஒவ்வொரு பெயரிடமும் கேட்டுக்கொண்டே போக வேண்டும்.

முழுமையாக நம் கைக்கு வந்திருப்பதில் மிகப் பழைய வம்சாவளி ஹெசியோட் பாடிய 'தியோகனி'. கி.மு. 700 வாக்கில் இயற்றப்பட்டது. ஆயிரத்துச் சொச்சம் வரிகள்தான். ஹெசியோட் அரசவைப் புலவர் அல்ல. போயோட்டியா பகுதியில் ஹெலிகான் மலையடிவாரத்து அஸ்க்ரா என்ற சிற்றூர்க்காரர். அப்பா வறுமைக்குப் பயந்து கடல் கடந்து வந்து அங்கே குடியேறியவர். குளிர்காலத்தில் மோசம், கோடையில் கொடுமை, எப்போதும் நல்லதில்லை என்று தன் ஊரைப் பற்றி அவரே பாடிவைத்திருக்கிறார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தபோது கலைத்தேவியர் வந்து லாரல் மரக்கோல் ஒன்றைக் கையில் கொடுத்துப் பாடச் சொன்னார்களாம். கொடுக்கும் முன் ஒரு எச்சரிக்கை வேறு: உண்மைபோலத் தோன்றும் பொய்கள் பல எங்களுக்குச் சொல்லத் தெரியும், மனம் வைத்தால் உண்மையையும் சொல்லத் தெரியும் என்று. தெய்வங்களின் வரலாற்றைத் தொடங்கும் கவிஞர் வாசலிலேயே இப்படி ஒரு வரியை எழுதி மாட்டிவிட்டு உள்ளே போகிறார். எனக்கு அவரிடம் மிகப் பிடித்த இடம் அது.

அவர் கணக்கில் முதலில் உண்டானது கேயாஸ். இன்று அந்தப் பெயரைக் கேட்டதும் குழப்பம், கூச்சல் என்று மனதில் ஓடுவதற்கு ரோமானியக் கவிஞர் ஒவிட்டுக்குப் பெரிய பங்குண்டு. எல்லாப் பொருளும் கலந்து கிடந்த கட்டியாகக் கேயாஸைக் காட்டியவர் அவர். ஹெசியோடுக்கு ஏழு நூற்றாண்டு பிந்தியவர். ஹெசியோடிடம் அது வாய்பிளந்து கிடக்கும் ஒரு வெற்றிடம். அதற்கு முகம் இல்லை, பேச்சு இல்லை, கோபதாபம் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது 'உண்டானது' என்கிறார், என்றென்றும் இருந்தது என்று சொல்லவில்லை. எதிலிருந்து உண்டானது என்ற கேள்விக்குள் அவர் போகவேயில்லை.

அடுத்து அகன்ற மார்புடைய கையா, அதாவது பூமி. அவளுக்கு அடியில் டார்ட்டரஸ் என்னும் பாதாளம். பிறகு ஈரோஸ் என்னும் காமம். தேவர், மனிதர் எல்லோருடைய கைகால்களையும் தளரவைத்து அறிவை வெல்பவன். டார்ட்டரஸை இந்த வரிசையில் எண்ணலாமா கூடாதா என்று அறிஞர்களுக்குள் வழக்கு இருக்கிறது. அதை விட்டால் ஹெசியோடின் ஆதி வரிசை இந்த நான்கோடு முடிந்தது. மற்ற எல்லோரும் பெற்றோர் உள்ளவர்கள்.

இங்கிருந்து இரண்டு குலங்கள் கிளம்புகின்றன. கேயாஸ் குலம், கையா குலம். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை எனலாம்.

கேயாஸிலிருந்து வந்தவர்கள் இருளான எரெபஸும் இரவான நிக்ஸும். இவர்கள் கூடிப் பெற்றவர்கள் மேலுலக ஒளியும் பகலும். இருட்டின் பிள்ளை வெளிச்சம். அதோடு நிற்காமல் நிக்ஸ் யாரோடும் கூடாமலே ஒரு பெரும் பட்டாளத்தைப் பெறுகிறாள்: சாவு, தூக்கம், கனவுகள், பழி, துயரம், விதித்தேவியர் மூவர், நெமெசிஸ் என்னும் தண்டனை, வஞ்சகம், முதுமை, பூசல். அந்தப் பூசல் தன் பங்குக்குப் பசி, மறதி, போர், கொலை, பொய், பொய்யாணை இட்டவரை வருத்தும் சத்தியம் என்று பெற்றுத்தள்ளுகிறது. இவர்களுக்குக் கதையே கிடையாது, பெயர் மட்டும்தான். ஆனால் அந்தப் பெயர்களை வரிசையாக வாசிக்கும்போது, மனித வாழ்க்கையில் கண்ணுக்குத் தெரியாமல் வந்து அழுத்தும் எல்லாவற்றையும் ஒரே தாயின் மடியில் கட்டிவைத்திருப்பது தெரியும்.

நிக்ஸின் வீடு பாதாளத்தின் ஓரத்தில் இருக்கிறது. அதன் வெண்கல வாசற்படியில் இரவும் பகலும் தினமும் எதிர்ப்படுகிறார்கள், ஒருவருக்கொருவர் முகமன் சொல்கிறார்கள். ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வெளியே கிளம்பிவிடுவாள். இருவரையும் அந்த வீடு ஒருசேரக் கண்டதே இல்லை. ஹெசியோடை வெறும் பெயர்ப்பட்டியல் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தச் சில வரிகளை மட்டுமாவது படிக்க வேண்டும்.

கையாவின் குலம்தான் கதை நடக்கும் குலம். அவள் ஆண் துணையின்றி முதலில் பெற்றது தனக்குச் சமமான வானத்தை, அதாவது யுரேனஸை. பிறகு மலைகள், பிறகு பான்டஸ் என்னும் கடல். யுரேனஸோடு கூடிப் பன்னிரண்டு டைட்டன்கள்: ஓஷியனஸ், கோயஸ், கிரியஸ், ஹைபீரியன், இயாபெடஸ், தியா, ரியா, தெமிஸ், நிமோசினி, ஃபீபி, டெத்திஸ், கடைக்குட்டி க்ரோனஸ். இவர்களுக்குப் பின் ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ் மூவர். அதற்கும் பின் ஆளுக்கு நூறு கையும் ஐம்பது தலையுமாக மூன்று பேர்.

டைட்டன்களையும் ஆதி தெய்வங்களில் சேர்த்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அவர்கள் அடுத்த தலைமுறை. அவர்களுக்கு முந்தியவர்கள் பெரும்பாலும் இடங்களும் நிலைகளும்தான். மண், வானம், இருள், பிளவு. டைட்டன்கள் பதவிக்குச் சண்டை போடுகிறவர்கள்.

அந்தச் சண்டை எப்படித் தொடங்கியது? யுரேனஸ் தன் பிள்ளைகளை வெறுத்தான். பிறக்கப் பிறக்க வெளிச்சத்துக்கு விடாமல் கையாவின் வயிற்றுக்குள்ளேயே திணித்துவைத்தான். வலி தாங்காத கையா கடும் உலோகத்தில் ஒரு அரிவாள் செய்து பிள்ளைகளிடம் காட்டினாள். பயத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. க்ரோனஸ் மட்டும், நான் செய்கிறேன் அம்மா என்றான். இரவைக் கூட்டிக்கொண்டு வந்து யுரேனஸ் பூமியின் மேல் பரவியபோது, ஒளிந்திருந்த க்ரோனஸ் இடது கையால் பிடித்து வலது கை அரிவாளால் தகப்பனின் குறியை அறுத்து முதுகுக்குப் பின்னால் வீசினான். மண்ணில் சிந்திய இரத்தத்திலிருந்து பழிவாங்கும் எரினிகளும் இராட்சதர்களும் பிறந்தார்கள். கடலில் விழுந்த உறுப்பைச் சுற்றி வெண்நுரை திரண்டு, அதிலிருந்து அஃப்ரோடைட்டி எழுந்து சைப்ரஸில் கரையேறினாள். அழகின் தேவதை ஜீயஸின் தலைமுறைக்கும் மூத்தவள் ஆனது இப்படித்தான். இன்னொரு பழங்கவிஞரான ஹோமரோ அவளை ஜீயஸின் மகள் என்கிறார். அம்மா பெயர் டயோனி.

க்ரோனஸுக்கும் அதே பயம் வந்தது. சொந்த மகனாலேயே வீழ்வாய் என்று அவனுக்குச் சொன்னவர்கள் கையாவும் யுரேனஸும்தான். மனைவியின் வயிற்றில் அடைத்துவைத்தால் அவள் சதி செய்வாள் என்பதை அவன் கண்ணால் கண்டவன். அதனால் பிள்ளைகளைத் தன் வயிற்றிலேயே போட்டுக்கொண்டான். ஹெஸ்டியா, டெமெட்டர், ஹெரா, ஹேடிஸ், பொசைடன் என ஐந்து பேர் உள்ளே போனார்கள். ஆறாவதாக ஜீயஸ் பிறந்தபோது மனைவி ரியா ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கொடுக்க, அவன் அதை விழுங்கினான். குழந்தை கிரீட் தீவில் வளர்ந்தது. இந்த யோசனையை ரியாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் அதே கையாவும் யுரேனஸும்.

பிற்பாடு க்ரோனஸ் கக்கியபோது, கடைசியாக விழுங்கிய அந்தக் கல்தான் முதலில் வெளியே வந்தது. ஜீயஸ் அதைக் குறிசொல்லும் தலமான டெல்ஃபியில் நட்டுவைத்தான் என்கிறார் ஹெசியோட். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன பயணி பௌசானியஸ் கல்லைப் பார்த்து எழுதியிருக்கிறார்: பெரிய கல் இல்லை, தினமும் எண்ணெய் ஊற்றுகிறார்கள், திருநாள்களில் கம்பளி சாத்துகிறார்கள்.

பிறகு ஜீயஸ் தரப்புக்கும் டைட்டன்களுக்கும் பத்து ஆண்டுப் போர். ஒரு தரப்பு ஒலிம்பஸ் மலையில், மறுதரப்பு ஓத்ரிஸ் மலையில். இழுபறியை முடித்துவைத்தது மறுபடியும் கையாவின் யோசனைதான். நூறு கையர்களை விடுவித்துக் கூட்டி வா என்றாள். அவர்கள் ஒரே வீச்சில் முந்நூறு பாறைகளை எறிந்ததும் போர் முடிந்தது. தோற்றவர்கள் டார்ட்டரஸில் அடைக்கப்பட்டார்கள். அது எவ்வளவு ஆழம் என்பதற்கு ஹெசியோட் ஒரு அளவு தருகிறார்: வெண்கலப் பட்டறைக்கல் ஒன்றை வானத்திலிருந்து போட்டால் ஒன்பது இரவும் பகலும் விழுந்து பத்தாம் நாள் பூமியைத் தொடும். பூமியிலிருந்து டார்ட்டரஸுக்கு மீண்டும் அதே தொலைவு.

அப்புறம் பாருங்கள், ஜீயஸ் ஜெயித்த கையோடு கையா டார்ட்டரஸோடு கூடி டைஃபோன் என்ற நூறு பாம்புத்தலை அரக்கனைப் பெற்று ஜீயஸ் மேலேயே ஏவுகிறாள். ஜீயஸ் இடியால் அவனைப் பொசுக்கிவிடுகிறான். உடனே இவனையே அரசனாக்குங்கள் என்று தேவர்களுக்குச் சொல்பவளும் கையாதான். எந்த ஆட்சி வந்தாலும் அதை ஏற்றுவதும் இறக்குவதும் அவள் கையில்தான் இருக்கிறது. ஆதி தெய்வங்கள் தோற்று ஒதுங்கிப்போனார்கள் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். தோற்றுப்போவது யுரேனஸ், க்ரோனஸ் போன்ற அரசர்கள். மண்ணும் இரவும் யாரிடமும் தோற்றதில்லை.

ஜீயஸுக்கும் அதே எச்சரிக்கை வருகிறது: முதல் மனைவி மெட்டிஸ் முதலில் ஒரு மகளையும், பிறகு உன்னை மிஞ்சி அரசாளப்போகும் மகனையும் பெறுவாள் என்று. தாத்தா பிள்ளைகளைத் தாயின் வயிற்றில் அடைத்தார். அப்பா தன் வயிற்றில் அடைத்தார். ஜீயஸ் தாயையே விழுங்கிவிட்டான். மகள் அதீனா அவன் தலையிலிருந்து பிறந்தாள். அந்த மகன் பிறக்கவே இல்லை. மூன்று தலைமுறை ஆட்சிமாற்றம் அங்கே நின்றது. விழுங்கப்பட்டவள் அறிவுக்கூர்மையின் தேவதை. உள்ளே இருந்துகொண்டு ஜீயஸுக்கு நல்லது கெட்டது சொல்கிறாள் என்று ஹெசியோட் சேர்த்துக்கொள்கிறார்.

பழைய தலைமுறையில் சிலரை ஜீயஸ் தன் ஆட்சியில் சேர்த்தும் கொண்டான். டைட்டன் நிமோசினி அவனுக்கு ஒன்பது கலைத்தேவியரைப் பெற்றாள். ஓஷியனஸின் மகளும் பாதாள ஆறுமான ஸ்டிக்ஸ் போரில் முதல் ஆளாகத் தன் பிள்ளைகளோடு அவன் பக்கம் வந்தாள். அதற்குக் கைம்மாறாக, தேவர்கள் சத்தியம் செய்வது அவள் நீரின் மேல்தான் என்று ஆனது. அந்தச் சத்தியத்தை மீறும் தேவன் ஒரு வருடம் மூச்சுப் பேச்சில்லாமல் கிடப்பான். எழுந்த பிறகு ஒன்பது வருடம் சபைக்கும் விருந்துக்கும் வரக்கூடாது.

இனி மற்றப் பட்டியல்கள். கடலை முதலில் வைப்பவர் ஹோமர். அவருடைய 'இலியட்' காவியத்தில் ஜீயஸின் மனைவி ஹெரா, ஓஷியனஸைத் தேவர்களின் மூலம் என்றும் டெத்திஸைத் தாய் என்றும் சொல்கிறாள். ஹெசியோடில் டைட்டன்களாக வரும் அதே இருவர். அதே பகுதியில் ஒரு சுவையான இடம் உண்டு. ஜீயஸைத் தூங்கவைக்கச் சொல்லி ஹெரா தூக்கதேவனிடம் கேட்கிறாள். அவன் தயங்குகிறான்: முன்பு ஒருதரம் உன் பேச்சைக் கேட்டு அப்படிச் செய்தேன், விழித்தெழுந்த ஜீயஸ் என்னைக் கடலில் வீசியிருப்பார், இரவிடம் ஓடித் தப்பினேன் என்கிறான். நிக்ஸின் மனம் கோணும்படி நடக்க ஜீயஸே அஞ்சி நின்றுவிட்டாராம்.

காலதேவனை முதலில் வைப்பது புராணப் பாடகன் ஆர்ஃபியஸின் பெயரில் வழங்கிய மரபு. அதன் பிற்கால வடிவத்தில், பாம்புருக் கொண்ட காலம் ஒரு முட்டையைச் செய்ய, அதிலிருந்து ஃபேனஸ் என்ற பொன்சிறகுள்ள, ஆணும் பெண்ணுமான தெய்வம் பிறக்கிறது. இந்தக் காலதேவன் க்ரோனோஸும் டைட்டன் க்ரோனஸும் வேறு வேறு. கிரேக்க எழுத்திலும் வேறு. பெயர் ஒலி நெருங்கியிருப்பதால் பழங்காலத்தவரே இருவரையும் ஒன்றாக்கிவிட்டார்கள். காலம் தான் பெற்றதையெல்லாம் தின்கிறது என்ற விளக்கம் வசதியாகவும் இருந்தது. ஹெசியோடிடம் காலதேவன் என்று யாரும் கிடையாது.

இந்த ஆர்ஃபிய மரபு முழுக்கப் பிற்காலச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. 1962இல் தெசலோனிக்கி அருகே டெர்வேனியில், ஒரு சிதையின் எச்சத்தில் கருகிய பப்பைரஸ் சுருள் கிடைத்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆர்ஃபியஸ் பாடியதாகக் கருதப்பட்ட தெய்வ வம்சாவளிக்கு யாரோ எழுதிய உரை அது. அதில் ஜீயஸுக்கு வருங்காலம் உரைப்பவள் நிக்ஸ். அதற்கும் முன்பே, கி.மு. 414இல் அரிஸ்டோஃபேனஸ் தன் 'பறவைகள்' நாடகத்தில் இதைக் கிண்டலடித்திருக்கிறார். நிக்ஸ் இட்ட முட்டையிலிருந்து சிறகுள்ள ஈரோஸ் வந்தான், அவனிடமிருந்து பிறந்தவர்கள் நாங்கள், ஆகவே நாங்கள் தேவர்களுக்கு மூத்தவர்கள் என்று பறவைகள் மேடையில் வாதாடுகின்றன. ஏதென்ஸ்காரர்கள் சிரித்திருக்கிறார்கள் என்றால் மூலக்கதை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே கவிஞருக்குள்கூட முரண் உண்டு. 'தியோகனி'யில் விதித்தேவியர் மூவரும் ஓரிடத்தில் நிக்ஸின் பிள்ளைகள். எழுநூறு வரி தள்ளி ஜீயஸுக்கும் தெமிஸுக்கும் பிறந்தவர்கள். யாரும் இதைத் திருத்தவில்லை.

ஹெசியோடின் கதைக்கு வேர் கிழக்கே இருக்கிறது. இன்றைய துருக்கியில், ஹிட்டைட்டுகளின் தலைநகர் ஹட்டுசாவில் கிடைத்த களிமண் பலகைகளில் குமர்பி என்ற தெய்வத்தின் கதை இருக்கிறது. முதல் அரசன் அலாலுவை வானதேவன் அனு வீழ்த்துகிறான். அனுவின் குறியைக் குமர்பி கடித்து விழுங்குகிறான். குமர்பியின் வயிற்றிலிருந்தே அவனை வெல்லப்போகும் இடிதேவன் டெஷுப் வருகிறான். வானம், அதன் குறியை இழக்கவைத்தவன், கடைசியில் இடிதேவன் என்ற அதே வரிசை. பலகைகள் ஹெசியோடுக்குப் பல நூற்றாண்டு மூத்தவை. தொடர்புடைய இன்னொரு ஹிட்டைட் பாடலில் வானையும் மண்ணையும் அறுத்துப் பிரித்த பழங்கருவி ஒன்றும் வருகிறது. க்ரோனஸின் அரிவாளை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

எழுத்துச் சான்றை மட்டும் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக்காட்டிய லீனியர் பி என்னும் மிகப் பழைய கிரேக்க எழுத்துப் பலகைகளில் ஜீயஸ், ஹெரா, பொசைடன் பெயர்கள் இருக்கின்றன. ஹெசியோடுக்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே அவர்களுக்குக் காணிக்கை போயிருக்கிறது. கேயாஸும் யுரேனஸும் அங்கே இல்லை. கதையில் மூத்தவர்கள் வழிபாட்டில் இளையவர்கள், சிலர் வழிபாட்டுக்கே வராதவர்கள். கேயாஸுக்கு யார் கோயில் கட்டப்போகிறார்கள்?

மற்றவர்களில் கையாவுக்கு உண்மையான வழிபாடு இருந்தது. ஈஸ்கிலஸின் ஒரு நாடகத்தில், கி.மு. 458இல் மேடையேறியது, டெல்ஃபியின் பூசாரிணி அப்போலோவுக்கு முன்பாகக் கையாவையே முதல் குறிசொல்லி என்று வணங்கித் தொடங்குகிறாள். நிக்ஸுக்கு மெகாராவில் குறிகேட்கும் இடம் ஒன்று இருந்ததைப் பௌசானியஸ் குறிக்கிறார். பிள்ளைகளை விழுங்கிய க்ரோனஸுக்கு ஏதென்ஸில் ஒரு கோடைத் திருவிழா. அன்று எஜமானரும் அடிமைகளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உழைப்பும் முதுமையும் இல்லாத பொற்காலத்து அரசனும் க்ரோனஸ்தான், அதைப் பாடியவரும் ஹெசியோட்தான். ஈரோஸுக்குத் தெஸ்பியாயில் கோயில் இருந்தது. அங்கே இருந்த மிகப் பழைய உருவம் செதுக்கப்படாத வெறும் கல். தெஸ்பியாய் ஹெசியோடின் அஸ்க்ராவுக்குப் பக்கத்து ஊர். காமத்தை உலகின் முதல் நால்வரில் ஒருவராக அவர் வைத்ததற்கு அந்தக் கல்லும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பலரும் சொல்வது; எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது.

நிக்ஸின் மகள் நெமெசிஸுக்கு ஏதென்ஸைச் சுற்றிய அட்டிகா பகுதியில் மாரத்தானுக்கு வடக்கே ரம்னூஸில் பளிங்குக் கோயில் இருந்தது. அடித்தளத்தை இன்றும் பார்க்கலாம். கி.மு. 490இல் படையெடுத்து வந்த பாரசீகர்கள், வெற்றிச் சின்னம் எழுப்புவதற்காகப் பாரோஸ் தீவுப் பளிங்குக்கல் ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார்களாம். மாரத்தானில் அவர்கள் தோற்றுப்போக, அகந்தைக்குத் தண்டனை தரும் அந்தத் தெய்வத்தின் சிலையை அந்தக் கல்லிலேயே செதுக்கிவிட்டார்கள் என்று பௌசானியஸ் எழுதுகிறார். செதுக்கியவர் ஃபைடியஸ் என்பது அவர் கணக்கு. அவருடைய மாணவர் அகோரக்ரிடஸ் என்பது மற்றவர்கள் கணக்கு. உடைந்த சிலையின் தலைத்துண்டு இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.